மூன்றாம் மாடியிலிருந்து இறக்கப்பட்டவர்

அன்று ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தவர்கள்: தேர்வு நடத்திய மேற்பார்வையாளர், வண்டி ஓட்டுநர், வேலை கேட்டு வந்த ஒரு நெட்டையன், அதே வேலைக்கு வந்த மகள், துணைக்கு வந்த அப்பா, கூப்பிடாமலே வந்த அவருடைய மைத்துனர்.

காலியிடம் ஒன்றே ஒன்று, நிரந்தர வேலை. மகள் அதுவரை ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வண்டியில் மாடாய் உழைத்தாள். நாளைக்கு வராதே என்று முதலாளி சொன்னால் ஏனென்று கேட்க நாதியில்லை. இது கிடைக்காவிட்டால் மறுபடி அங்கேதான். அப்பாவுக்கும் அது தெரியும்.

நோயாளியைத் தூக்கு நாற்காலியில் உட்கார வைத்து, ஓட்டுநர் மறுபக்கம் பிடிக்க, படியிறக்க வேண்டும். இதுதான் தேர்வு. நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. நெட்டையன் முதலில் இறக்கினான். இரண்டாம் திருப்பத்தில் பொம்மையின் கால் கழன்று, அவனுக்கு முன்பே கீழே போய்ச் சேர்ந்தது.

மேற்பார்வையாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தார்.

"சார், பொம்மைக்குப் பதிலா நீங்க உக்காருங்களேன். நெஞ்சு வலின்னு வச்சுக்கங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"சும்மா ஒரு பேச்சுக்கு சார்."

"பேச்சுக்குக்கூட இல்ல. எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவன் தூக்கிக் கீழ எறங்கினது கிடையாது."

"வீம்பு பண்ணாதீங்க மச்சான்," என்றார் மைத்துனர். "பொண்ணுக்கு வேலை போயிடும். உங்க கனத்துக்கு ஓட்டுநர்தான் பயப்படணும்."

அப்பா முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். மகள் கெஞ்சவில்லை. எதிரே வந்து நின்று கைகூப்பினாள்.

"வணக்கம் ஐயா. ஆம்புலன்ஸ்லேருந்து வர்றேன்."

பெற்ற மகள் ஐயா என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் மற்றவர்களிடம் திரும்பினாள்.

"எல்லாரும் சுவத்தப் பாத்து நில்லுங்க."

"நானுமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்களும்தான் சார். இவர் நாலு பேர் பாக்க உக்கார மாட்டார்."

மதிப்பெண் போட வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். ஓட்டுநர் நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்ததால் கண்ணை மட்டும் தாழ்த்திக்கொண்டார். அப்பா ஒருமுறை எல்லா முதுகுகளையும் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தார். மகள் பட்டையை இழுத்து மாட்டினாள்.

முதல் திருப்பத்தில் தாழ்ந்த குரலில் கேட்டாள். "எங்க வலிக்குது ஐயா?"

அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முழங்கால்."

தேர்வில் அது இல்லை.

"எப்போலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. வீட்ல சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் ஐயா."

படிக்கட்டு குரலை மேலே கொண்டுபோகும். மேற்பார்வையாளர் கீழே இறங்கி வந்தார்.

"நெஞ்சு வலின்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"கால் கழண்ட பொம்மைக்கு இவர் எவ்வளவோ மேல் சார்," என்றார் ஓட்டுநர். "நெஜமாவே ஒரு கால் வலி இருக்கு. அதையும் இந்தப் பொண்ணு அவர் வாயிலேருந்து பிடுங்கிடுச்சு."

மேற்பார்வையாளர் மதிப்பெண் போட்டார்.

"வண்டியில ஏத்துற நோயாளிங்கள்ல பாதிப் பேர் இவர மாதிரித்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லுவாங்க. திங்கக்கிழமை வந்து சேரும்மா."

அப்பாவுக்கு அங்கே மாரடைப்பு வந்ததாகவும், அதைப் பார்த்து இரக்கப்பட்டு மகளுக்கு வேலை கொடுத்ததாகவும் மைத்துனர் தெருவில் சொல்லி வருகிறார். அவர் பார்த்தது சுவரை. வந்தது மாரடைப்பு அல்ல; இடது முழங்கால் வலி. இரக்கப்பட்டு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.