அண்ணன் வரவழைத்த டீ

என் அண்ணன் தீனதயாளன் போர்வெல் ரிக்கோடு ஆப்பிரிக்கா போய், மூன்று வருஷம் கழித்து டெக்சாஸ் ஹோல்டம் என்கிற சீட்டாட்டத்தோடு ராசிபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்து ஆடுவான். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவர் பார்க்கக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லாருக்கும் பொது. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் யாருக்கு ஒசத்தியான ஐந்து அமைகிறதோ அவருக்கு ஜெயம். சீட்டுத் திறக்கத் திறக்கப் பந்தயத்தை ஏற்றலாம், பயந்தால் கையைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ருசியே அந்த விலகலில்தான் இருக்கிறது. ஒன்றுமில்லாதவன் கொட்டையை மொத்தமாகத் தள்ளினால், நல்ல சீட்டு வைத்திருப்பவள்கூட நடுங்கிப்போய் விட்டுவிடுவாள்.

"பொம்பளைங்க கடைசி வரைக்கும் நிக்க மாட்டீங்க அம்மிணி" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆம்பிளைகளை வேலை வாங்குகிறவள் நான். ஆனால் இவனிடம் மட்டும் விலகிக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தேன். நடுவில் இரண்டு ராஜா, ஏழு, நாலு, இரண்டு. என் கையில் இரண்டு ஒன்பது. அண்ணன் எல்லாக் கொட்டையையும் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த அண்ணியைப் பார்த்து, "வாணி, அம்மிணிக்கு ஒரு டீ கொண்டா" என்றான். நல்ல சீட்டு வந்த ஒரு நாளும் அவன் யாருடைய தாகத்தையும் நினைத்ததில்லை. நானும் எல்லாவற்றையும் தள்ளினேன். அவன் சீட்டைத் திருப்பினால் பத்தும் மூன்றும், வெறும் கை.

அடுத்த வாரம் என் மகள் யுவஸ்ரீயின் கல்யாணப் பத்திரிகையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். வெற்றிலைத் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பீரோவிலிருந்து விடுதலைப் பத்திரத்தை எடுத்து என் முன்னால் போட்டான். அப்பா உயில் எழுதாமல் விட்டுப்போன நாலு ஏக்கரில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டீன்னா சீர் செய்ய வாரேன். இல்லீன்னா மாமன் இல்லாமயே கல்யாணத்த நடத்திக்க."

தாய்மாமன் சீர் இல்லாத கல்யாணத்தை எங்கள் சனம் மூன்று தலைமுறைக்குப் பேசும். யுவஸ்ரீ முகம் கண்ணுக்குள் வந்தது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், சத்தியமாக எடுத்துவிட்டேன்.

"வாணி," என்று அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அம்மிணிக்கு டீ கொண்டா. ஏலக்கா தட்டிப் போடு."

பேனாவை மூடினேன்.

"நாலு ஏக்கரும் நடுவுல கெடக்கற சீட்டுங்ணா. ரெண்டு பேருக்கும் பொது. சீர் செய்யாட்டிப் போங்க. மேடையில உங்களுக்குன்னு ஒரு சேர் போட்டு வெப்பேன், காலியாவே கெடக்கட்டும். மாமன் எங்கீன்னு கேக்கறவங்களுக்கு இந்தப் பத்திரத்தக் காட்டறேன்."

"அம்மிணி, யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டனுங்ணா. நீங்க உங்க கையக் காட்டுங்க."

கோகிலவாணி அண்ணி டீயோடு வந்தாள். தன் அண்ணன்மாருக்கு எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, புருஷன் பக்கம் போகாமல் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நான் நிதானமாகக் குடித்து முடித்தேன்.

அண்ணன் பத்திரத்தை மடித்தான். வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சீர்த்தட்டு எத்தன வேணும்?" என்றான் தலையைத் தூக்காமல்.

"அது உங்க இஷ்டமுங்ணா. நாலுல ரெண்டு ஏக்கரு மட்டும் எனக்கு."