ஆறாம் நம்பரின் முகம் சுவர்ப் பக்கம்

சுமைதாங்கி வகைக் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது மற்ற போர்க்கப்பல்காரர்களின் குரலில் கொஞ்சம் இளக்காரம் இருக்கும். அதில் ஒரு பீரங்கிகூடக் கிடையாது. அழகும் கிடையாது. ஒரு பெரிய சோப்புப் பெட்டியை விண்வெளிக்கு அனுப்பினால் எப்படியோ, அப்படித்தான் போகும், வரும். ஆனால் அந்தச் சோப்புப் பெட்டியின் வயிற்றுக்குள் பக்கத்துக்கு மூன்றாக ஆறு மாடங்கள் உண்டு. ஒவ்வொரு மாடத்திலும் ஒன்பது மாடி உயரத்துக்கு ஒரு சண்டை ரோபோ நிற்கும். அந்த ஆறும் போய் இறங்காமல் எந்தச் சண்டையும் ஆரம்பித்ததில்லை என்பதை மட்டும் இளக்காரம் பேசுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆறையும் ஆடாமல் அசையாமல் கட்டி வைப்பது முடிச்சக்காவின் வேலை. இப்போதெல்லாம் சங்கிலியும் வளையமும்தான். கயிற்றால் கட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்ததால் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பதினோரு வருடமாக அவள் கட்டிக் கொடுப்பாள், கப்பல் கிளம்பும், அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த கப்பலுக்கான வளையங்களைத் துடைக்க ஆரம்பிப்பாள். அவள் கட்டிய முடிச்சுகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. அவள் போனதில்லை.

இந்த வாரம் ஏழாவது சுமைதாங்கியோடு கூடவே போகிற கட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கேப்டன் முடிச்சக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். கொத்தனார்கள் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். பாரம் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று காட்டக் கப்பலில் எத்தனையோ கருவிகள் இருந்தும் அதைத் தரையில் வைத்துக் குமிழி நடுக்கோட்டில் நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள ஆறையும் கட்டிடணும். என் குமிழி நடுவுல நிக்கணும். ரெண்டும் நடந்தா இந்தத் தடவை நீங்களே எங்களோட வாங்க" என்றார்.

முடிச்சக்கா இதை வீட்டில் மூச்சுகூட விடவில்லை. காரணம், ஆறாம் நம்பர் ரோபோவின் ஓட்டுநர் அவளுடைய தம்பி. வீட்டிலிருந்து ஒரு ஆள் விண்வெளிக்குப் போனால் போதும் என்பது அம்மாவின் கருத்து. அந்த ஆள் யார் என்பதிலும் அம்மாவுக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மகனை வழியனுப்ப வந்து, பார்வையாளர் கூடத்தில் கண்ணாடியை ஒட்டினாற்போல நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏற்றும் விதி ஒன்றுதான். ரோபோ மாடத்துக்குள் பின்னால் நடந்து போய் நிற்க வேண்டும். ஓட்டுநர் வெளியே வரும் கதவு ரோபோவின் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சு, இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள நடைபாதையைப் பார்த்தால்தான் கதவு திறக்கும். பின்னால் நடக்கும்போது ரோபோ கீச் கீச் என்று கத்தும், கீழே இருப்பவர்கள் விலகிக்கொள்வார்கள். கட்டி முடித்ததும் கட்டுக்காரி கணுக்காலில் தொடங்கி உச்சி வரை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறாம் நம்பருக்குக் கடைசி மாடம் என்பதால் அதுதான் முதலில் ஏறியது. கீச் சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கி ரிப்பேர் என்று தம்பி முந்தின நாளே சொல்லியிருந்தான். முடிச்சக்கா குனிந்து வளையம் மாட்டினாள். அந்த ரோபோக்களின் பாதம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி, செங்கல் போலச் சதுரமாக இருக்கும். கழுத்து வலி வேறு. தம்பிதானே என்று அண்ணாந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாடத்துக்குப் போனாள்.

பத்தரை மணிக்கு ஆறும் உள்ளே. மற்ற ஐந்து ஓட்டுநர்களும் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசிச் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் தோளில் இருந்த ரேடியோ முணுமுணுத்தது.

"அக்கா."

"சொல்லு."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இந்தக் குரலை முடிச்சக்காவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வயதிலிருந்து அவன் இப்படிக் கேட்டால் எங்கோ ஏதோ உடைந்திருக்கும்.

"என்னத்த உடைச்சே?"

"எதையும் உடைக்கல. கதவு திறக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"முன்னாடி சுவர் இருக்கு."

முடிச்சக்கா அன்று காலையில் முதல் முறையாக அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கண் விளக்குகள் தெரிய வேண்டிய இடத்தில் மொழுமொழுவென்று பின்மண்டை தெரிந்தது. வீட்டுப்பாடம் செய்யாததற்காக வாத்தியார் மூலையில் திருப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி, ஒன்பது மாடி உயரத்துக்கு ஆறாம் நம்பர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாடா இப்படி?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு மணி நேரமா உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"தானா சரியாயிடும்னு பார்த்தேன்."

"சரி. காலைக் கழட்டி விடறேன். மூணு அடி பின்னால வந்து திரும்பு."

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏன்க்கா இப்படி வந்து நிக்கறேன்?"

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. லைசென்ஸ் பரீட்சையில் பின்னால் நடக்க வேண்டிய அன்றைக்கு மழை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அடுத்த வாரம் அதிகாரிக்கே மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து முத்திரை குத்திக் கொடுத்தார். இதுதான் அவனுக்கு முதல் பயணம். இரண்டு வருடமாகத் திறந்த மைதானத்திலேயே ஓட்டியதால், திரும்ப வேண்டுமென்றால் ஒரு பெரிய வட்டம் போட்டு வந்து சமாளித்திருக்கிறான். சுமைதாங்கிக்குள் வட்டம் போட இடமில்லை. ஒலிபெருக்கியும் ரிப்பேர் இல்லை. அவனே அணைத்து வைத்திருந்தான்.

"உனக்கு நேர் பின்னால அஞ்சாம் நம்பர் நிக்குது. ஒரு அடி தப்பா வெச்சேன்னா ரெண்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விழும்" என்றாள் முடிச்சக்கா.

"அதான் பயமா இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு பண்ணு. நீதான் என்னை இப்படி நிக்கச் சொன்னேன்னு எழுதிடு. நீ தரையில இருக்கிறவதானே, உனக்கென்ன. ரெண்டு திட்டு திட்டுவாங்க, அதோட போச்சு. எனக்குன்னா லைசென்ஸே போயிடும்."

இது புதிதல்ல. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி, வாத்தியாரின் சைக்கிள், அப்பாவின் கைக்கடிகாரம் என்று அவன் உடைத்ததெல்லாம் அவள் கணக்கில்தான் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு முறையும் அவளே முன்வந்து வாங்கிக்கொண்டதுதான். இன்றைக்கு அந்தத் 'தரையில இருக்கிறவ' மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தியது.

"கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கேப்டன் நுழைவாயில் அருகே மண்டி போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்தபடி ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆறாம் நம்பர் திரும்பி நிக்குது. ஓட்டுநர் உள்ள மாட்டிக்கிட்டார்."

கேப்டன் எழுந்திருக்காமலே கேட்டார். "யார் தப்பு?"

தம்பியைப் பற்றி முப்பது வருடத்தில் ஒரு குறை சொல்லாத வாய் கொஞ்சம் தயங்கியது. "அவருக்குப் பின்னால நடக்கத் தெரியாது சார். அது அவர் தப்பு. நான் அண்ணாந்து பார்க்காம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு."

கேப்டன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு ரேடியோவை எடுத்தார். "ஆறாம் நம்பர், ரெண்டு அடி பின்னால வாங்க."

"முடியாது சார்."

"எந்திரக் கோளாறா?"

"இல்ல சார், எந்திரம் நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"கோளாறு எங்கிட்டதான் சார்."

எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினால் சாயங்காலம் ஆகிவிடும். பன்னிரண்டைத் தவறவிட்டால் அடுத்த பாதை திறக்க ஒன்பது வாரம். கேப்டன் முடிச்சக்காவைப் பார்த்தார்.

"பின்னால வர வேண்டாம் சார். நின்ன இடத்துலயே கால் பங்கு திருப்பிடலாம். கதவு ஒரு முழம் திறந்தா ஆள் வெளிய வந்துடுவார்" என்றாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தக் கப்பலுக்குள் யாரும் உரக்கத் தும்மக்கூட இல்லை. முடிச்சக்கா கணுக்கால் வளையங்களைத் தளர்த்திவிட்டு ரோபோவின் பாதத்தருகே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"வலது குதிகால ஊனிக்கோ. இடது கால நாலு விரல் தள்ளு. நாலு விரல்னேன், உன் அவசரத்துக்கு நாப்பது விரல் தள்ளாத."

"தள்ளிட்டேன்."

"இன்னும் ரெண்டு விரல். முழங்கைய ஒடுக்கு, நாலாம் நம்பர் விலாவுல இடிக்கப் போற."

"இடிச்சிட்டேன்."

"தெரியுது. பெயின்ட் என் தலையிலதான் கொட்டுது."

ஒருவழியாக ரோபோ பக்கவாட்டில் திரும்பியது. முடிச்சக்கா வளையங்களை மறுபடி இறுக்கினாள். ஏழாம் மாடி உயரத்தில் நெஞ்சுக் கதவு ஒரு முழம் திறந்தது. முதலில் ஒரு கை வந்தது. தலை வந்தது. வயிறு வரவில்லை.

"மூச்சை வெளிய விடுடா."

"விட்டுட்டேன். இதுக்கு மேல விட்டா திரும்ப உள்ள வராது."

சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. பின்னாலேயே தம்பியும் ஏணியில் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது. யாரும் கேட்காமலே லைசென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கேப்டனிடம் நீட்டினான்.

"ஆறு வாரம் பயிற்சிப் பள்ளி" என்றார் கேப்டன். "பின்னால நடந்து காட்டிட்டு வந்து வாங்கிக்குங்க." மூன்று பயணமாகப் படுத்துத் தூங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யாத மாற்று ஓட்டுநரை எழுப்பி ஆறாம் நம்பரை ஒப்படைத்தார்கள். அவர் ரோபோவை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி ஒரு கொட்டாவி விட்டார்.

கேப்டன் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். ஆறாம் நம்பர் பக்கவாட்டில் நின்றதில் குமிழி கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. மணி பதினொன்று நாற்பது.

முடிச்சக்கா அந்த ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மூன்றாம் நம்பரின் ஓட்டுநரை டீ கிளாஸோடு கூப்பிட்டு மேலே ஏறச் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே ஏறினார்.

"வலது கைய மேல தூக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்."

குமிழி நகர்ந்து நகர்ந்து நடுக்கோட்டில் வந்து நின்றது. மூன்றாம் நம்பர், வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. முடிச்சக்கா தோள் வரை ஏறி அந்தக் கையை அப்படியே கட்டிவிட்டு இறங்கினாள். இந்தத் தடவை கணுக்கால் முதல் உச்சி வரை அண்ணாந்து பார்த்தாள். கழுத்து படக்கென்றது.

கேப்டன் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, வேலை முடிஞ்சுது. நீங்க கிளம்பலாம்" என்றார்.

பதினோரு வருடமாக இந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கால் தானாக வாசல் பக்கம் திரும்பிவிடும். இன்றைக்கு நின்ற இடத்தில் நின்றாள்.

"மணி இன்னும் பன்னிரண்டு ஆகல சார். குமிழி நடுவுலதான் நிக்குது" என்றாள்.

"பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டேன். அதை மறைக்காமதான் சொன்னேன். நீங்க கேட்ட ரெண்டும் நடந்திருக்கு. நான் வரணும் சார்."

கேப்டன் தூக்கிய கையை ஒரு முறை பார்த்தார். முடிச்சக்காவை ஒரு முறை பார்த்தார். "அந்தக் கையை இறக்கும்போது நீங்க பக்கத்துல இல்லைன்னா நான் அதுக்குக் கீழ நிக்க மாட்டேன்" என்றார். "போய் பெல்ட் போடுங்க."

தம்பி வாசலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ வர்றதா இருந்தேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"நீ பின்னால நடக்கத் தெரியாதுன்னு எங்கிட்ட சொன்னியா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டே பார்வையாளர் கூடத்தைப் பார்த்து நடந்தான்.

முடிச்சக்கா இருக்கையில் உட்கார்ந்து மார்புக்குக் குறுக்கே பட்டையை இழுத்தாள். பக்கத்து இருக்கைக்காரர் உதவிக்கு வந்தபோது, பட்டை கட்ட எனக்கா சொல்லித் தர்றீங்க என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். தோளில் ரேடியோ கரகரத்தது.

"அக்கா, அம்மா பேசணுமாம்" என்றான் தம்பி. அடுத்த நொடி அம்மா வந்துவிட்டாள்.

"ஏண்டி, இவன் சட்டையில பொத்தான் இல்லாம இங்க வந்து நிக்கறான். நீ எங்க இருக்கே?"

"உள்ள இருக்கேம்மா."

"உள்ளன்னா?"

"கப்பல்ல. நான் போறேன். நாற்பது நாள்ல வந்துடுவேன்."

அம்மா அழப்போகிறாளா, திட்டப்போகிறாளா என்று தெரியாமல் முடிச்சக்கா பட்டையை இன்னும் ஒரு முறை இறுக்கினாள்.

"நாற்பது நாளா? இவனுக்கு யாருடி சோறாக்கிப் போடறது?"

"அவனுக்கு ரெண்டு கை இருக்கும்மா."

பிறகு அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

"ஜன்னல் பக்கமா உட்கார்ந்திருக்கே?"

"இங்க ஜன்னலே இல்லம்மா."

"அதானே பார்த்தேன். எதையும் வாய் திறந்து கேட்டு வாங்கத் தெரியாது உனக்கு."

'கேட்டுத்தாம்மா வாங்கினேன்' என்று சொல்ல முடிச்சக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் சுமைதாங்கி கிளம்பிவிட்டது. ஆறு ரோபோவும் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு கனம் அழுத்தியது. திறந்த வாயை மூட முடியவில்லை. அப்படியே போனாள்.