தனியாக நின்ற புள்ளி

சட்டை தைக்கும் கம்பெனியில் தரம் பார்ப்பது அவள் வேலை. தையல் கூடத்தில் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி தினமும் ஓடிய நேரத்தையும் பாழான சட்டைகளையும் கணினியில் போட்டு, இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு பார்த்தாள். முழுசாகச் சேர்ந்து போனால் 1; இதற்கு 0.8 வந்தது. பாட்டு கூடக்கூடப் பாழும் கூடுகிறது என்று பெருமை பிடிபடாமல் போய்ச் சொன்னாள். மேனேஜர் அன்றைக்கே பாட்டை நிறுத்திவிட்டார்.

வினை வீட்டுக்கு வந்தது. அதே கம்பெனியில் காலர் தைக்கும் அக்கா அவளோடு பேச்சை முறித்துக்கொண்டாள். ராத்திரி தன் புருஷனிடம்தான் சொன்னாள்:

"ஏங்க, அந்தக் கணக்குப்புலியைச் சாப்பிடக் கூப்பிடுங்க. மெதுவா கூப்பிடுங்க, சத்தம் கேட்டா துணி கெட்டுரும்."

மாமா சைகையால் கூப்பிட்டார்.

சாப்பிட்டதும் தாளை எடுத்தாள். எண்ணைப் பார்க்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலையை இப்போதுதான் செய்தாள்: ஒவ்வொரு நாளையும் ஒரு புள்ளியாக வைத்துப் படம் வரைந்தாள். புள்ளிகள் கீழே கொட்டிய கடுகாய்க் கிடந்தன. ஒன்று மட்டும் வலது மேல்மூலையில் தனியாக நின்றது; அவள் லீவு போட்ட நாள், ஒலிபெருக்கியும் அதிகம், பாழும் அதிகம். அதைக் கட்டைவிரலால் மறைத்தாள். மிச்சத்தில் ஒரு போக்கும் இல்லை. அதை நீக்கிக் கணக்குப் போட்டால் 0.1. பாட்டுக்கும் பாழுக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது.

"அக்கா, நான் லீவு போட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒலிபெருக்கி நாள் பூரா ஓடியிருக்கு."

அக்காவுக்குக் கோபம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டு எங்கடி ஓடிச்சு? புது மேனேஜர் மைக்கைப் பிடிச்சவரு சாயங்காலம்தான் விட்டாரு. தைக்கவும் செய்யணும், கேக்குற மாதிரி அவர் மூஞ்சியையும் பாக்கணும். நான் காலரைக் கொண்டுபோய்ச் சட்டைக் கையில வச்சுத் தைச்சேன்!"

மறுநாள் தையல் கூடத்திலேயே மேனேஜரிடம் படத்தை நீட்டினாள்.

"சார், தப்பு என்னுது. இந்த ஒரு புள்ளிதான் எண்ணை இழுத்து விட்டிருக்கு."

"யாரும்மா அந்தப் புள்ளி?"

"நீங்கதான் சார். உங்க முதல் நாள் பேச்சு."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார்.

"அப்ப நான் பேசினா சட்டை பாழாகும்ங்கிற?"

"அப்படிச் சொல்ல மாட்டேன் சார். ஒரு நாளை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது. நீங்க இன்னும் ஒரு பத்து நாள் பேசினாத்தான்..."

"ஐயோ, வேணாம் சார்!" கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தே விட்டாள். "பாட்டையே போடுங்க!"