ஊசிக்கடியில் சுமனின் சேட்டு

மூன்று நாளாக மண்ணெண்ணெய் விட்டும் தையல் மிசினின் சில்லு அசைய மறுத்தது. சுதர்சினி நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள். திங்கட்கிழமை மகள் யதுர்ஷிகா ஆசிரியப் பயிற்சிக்கு ஹட்டனுக்குப் போகிறாள். அந்தக் குளிருக்கு அம்மம்மாவின் போர்வைதான் வேண்டுமென்று நின்றாள்.

போர்வை இருந்தது. அதன் ஒரு மூலைதான் இல்லை.

அந்தக் கை மிசினை, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தபோது, சுதர்சினியின் தாய் அன்னபாக்கியம் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். அக்கராயனில் குடியேறிய பிறகும், பழைய சேலை, சேட்டுத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி அதில் போர்வை தைத்தாள். 2008இல் போரில் ஊர் இடம்பெயர்ந்தபோது மிசினைக் கிணற்றடியில் புதைத்தார்கள். திரும்பி வந்து தோண்டியெடுத்தபோது சில்லு இறுகிப் போயிருந்தது. துருப்பிடித்த ஊசிக்கடியில் நீலக் கட்டம் போட்ட துணி அப்படியே கிடந்தது. அது இளைய மகன் சுமன் போட்ட சேட்டின் துணி. சுமன் மட்டும் திரும்பி வரவில்லை. அன்னபாக்கியம் சாகும்வரை அந்தத் துணியைத் தொடவுமில்லை, போர்வைக்கு வேறு துணி ஒட்டவுமில்லை.

சுதர்சினி பிளேடை எடுத்துத் துணியின் ஓரத்தில் வைத்தாள்.

"என்ன செய்யிறாய்?"

வாசலில் மூத்த அண்ணன் யோகலிங்கம் நின்றார். முகம் கறுத்திருந்தது.

"பிள்ளைக்குப் போர்வையைச் சரிப்பண்ணிக் குடுக்கப் போறன் அண்ணை."

"அம்மாவே தொடாத சாமான். நீ ஆர் தொட?"

"அம்மா செத்து ரெண்டு வருசம். இன்னும் எவ்வளவு காலத்துக்கு அலுமாரிக்கு மேல வைச்சுப் பாக்கிறது?"

அவர் உள்ளே வந்து மிசினைத் தூக்கினார். தன் வீட்டுக்கே கொண்டுபோகப் பார்த்தார். சுதர்சினி மறுபக்கத்தைப் பிடித்தாள். இரும்பின் பாரம் இருவர் கையையும் கீழே இழுத்தது.

"விடு சுதா!"

"விடமாட்டன்!"

மிசின் சரிந்தது. விழாமல் பிடிக்க யோகலிங்கம் சில்லை இறுக்கிப் பற்றினார். அவருடைய முழுப் பாரமும் அதில் இறங்க, கிறீச்சென்று சில்லு அரைச் சுற்றுச் சுழன்றது. ஊசி பட்டென்று முறிந்தது.

இருவரும் மெல்ல மிசினை மேசையில் வைத்தார்கள். சுதர்சினிக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் அடிக்கப் போகிறார் என்றே நினைத்தாள். அவர் கதிரையில் உட்கார்ந்து, முறிந்த ஊசியையே பார்த்தார்.

"ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மா ரெண்டு நிமிசம் கேட்டவா," என்றார். "இந்த ஓரத்தை முடிச்சிட்டு வாறன் எண்டவா. செல் குண்டு கிட்ட விழத் தொடங்கீட்டுது. நான் கத்தியாலை போர்வையை வெட்டி இழுத்தனான். சுமன்ரை துண்டு இதுக்குள்ள நிண்டிட்டுது. அப்பிடியே மண்ணுக்குள்ள போட்டனான்."

"நீங்களோ வெட்டினது?"

"உனக்குத் தெரியாதோ? அம்மா சொல்லேல்லையோ?"

அன்று சுதர்சினி மூன்று வயது யதுர்ஷிகாவோடு முன்னமே டிராக்டரில் ஏறியிருந்தாள்.

"டிரக்டர்ப் பெட்டியில மாட்டிக் கிழிஞ்சது எண்டுதான் அம்மா சொன்னவா. முகாமில கேட்ட எல்லாருக்கும் அதைத்தான் சொன்னவா. சாகிற கிழமையும் அதைத்தான் சொன்னவா, அண்ணை."

யோகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். தாய் சாகும்வரை அவள் முகத்தை நேரே பார்க்கக் கூசிய மனிதர் அவர். வாய் கோணியது. தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுதர்சினி அருகில் போய் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, துணியை அமர்த்திப் பிடித்திருந்த மிசின் பாதத்தை நெம்பி உயர்த்தினார். துணியை இழை இழையாகக் கழற்றினார். துரு தின்ற இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. சுதர்சினி எண்ணெய் விட்டுத் துடைத்துப் புது ஊசி பூட்டினாள்.

ஞாயிறு பின்னேரம் அவள் சுமனின் துணியைப் போர்வை மூலையில் வைத்துப் பிடிக்க, யோகலிங்கம் கைப்பிடியைச் சுற்றினார். நூல் இரண்டு தரம் அறுந்தது. தையல் கோணலாக ஓடியது. பக்கத்தில் நின்ற யதுர்ஷிகா, "மாமா, இந்த ஓட்டைக்கும் ஒரு துண்டு வைப்பமோ?" என்று கேட்டாள்.

அவர் எழுந்துபோய்த் தன் பழைய சேட்டொன்றைக் கொண்டு வந்தார்.