கூனனுக்குத் தைத்த சட்டை

புருஷன் கிறிஸ்துப்பாஸைப் புதைத்துவிட்டு வந்து இல்ஷே இன்னும் காலணிச் சேற்றைக்கூடத் தட்டவில்லை, ஊர்த்தலைவர் ஷிம்குஸ் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று கர்க்லினே கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். பண்ணைக் கச்சேரியிலிருந்து, அதாவது ராஜாவின் நில அலுவலகத்திலிருந்து, ஏதோ உத்தரவு வந்திருக்கிறது.

"இல்ஷேம்மா, துக்க வீட்ல சொல்லக் கூடாதுதான்..."

"அப்போ சொல்லாதீங்க."

"சொல்லலேன்னா என் தோலை உரிச்சிருவாங்களே! விதைப்புக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்தாகணுமாம். நீயா ஒருத்தனைக் கட்டிக் கூட்டிட்டு வந்தா சரி. இல்லேன்னா கச்சேரியே வேற குடும்பத்தைக் குடி வெச்சிரும்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார் மனிதர். அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? நிலம் ராஜாவுடையது. வீடு ராஜாவுடையது. குதிரை, எருது, கலப்பை, பானையில் இருக்கும் விதை எல்லாமே ராஜாவுடையது. ராஜா எங்கேயோ இருந்தார். அவர் பேரில் கச்சேரி இருந்தது. கச்சேரிக்கு மரம் இழுக்கப் போன இடத்தில்தான் கிறிஸ்துப்பாஸ் மேல் கட்டை உருண்டது. குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கச்சேரியில் எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்களாம். பெரிய மனசு!

வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் கதி இல்ஷேவுக்குத் தெரியாதா? போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்த டாவே இப்போது யார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலோ படுக்கிறாள். பிள்ளைகளை ஆளுக்கொரு ஊரில் வாத்து மேய்க்க விட்டாயிற்று. இல்ஷேவுக்கும் இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் இன்னும் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவளை எந்த ஊர் வாத்துக்கு அனுப்புவது?

ஆண்பிள்ளைக்கு எங்கே போவது? அந்தப் பக்கத்து ஊர்களில் பாதிப் பேரைக் கொள்ளைநோய் தின்றுவிட்டது, மிச்சத்தைப் பட்டாளம் தின்றது. நம் ராஜாவுக்கு நெட்டை ஆட்கள் என்றால் பைத்தியம். அளவுகோலும் கையுமாகச் சிப்பாய்கள் ஊர் ஊராக வருவார்கள், ஓங்கி வளர்ந்தவன் ஒருத்தனைப் பார்த்துவிட்டால் மாப்பிள்ளையை அழைத்துப்போவது போல அழைத்துப்போவார்கள். போனவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கச்சேரியில் கை உயர்த்தி உறுதி சொல்லி, குடியானவன் என்று ஆகிவிட்டவனைப் பட்டாளம் தொடாது. அவன் போனால் நிலம் தரிசாகும், ராஜாவுக்கு வரி வராது அல்லவா!

இல்ஷே எல்லா வாசற்படியும் ஏறி இறங்கினாள். வெட்கத்தை விட்டுக் கேட்டாள். பக்கத்து ஊர்ப் பண்ணையாள் ஒருத்தன் பல்லைக் குத்திக்கொண்டே, "வர்றேன், ஆனா பொண்ணுங்க ரெண்டையும் எங்கேயாவது தள்ளிவிட்டுரு" என்றான். கையில் இருந்த வாளித் தண்ணீர் அவன் தலையில்தான் போயிற்று. அன்று ராத்திரி அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. இதற்கிடையில் தெற்கே மலைநாட்டிலிருந்து மதத்துக்காக விரட்டப்பட்ட ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து கச்சேரிக் களஞ்சியத்தில் காத்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. எந்த வீடும் நிலமும் காலியாகும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்.

கடைசியில் அவளுக்குக் கிடைத்தவன் ஊர் மாடு மேய்க்கும் மெர்த்தினாஸ். கூன் மெர்த்தினாஸ் என்றால்தான் ஊருக்குத் தெரியும். குளிர்காலத்தில் மாடுகள் கொட்டகையில் அடைந்து கிடக்கும், அவனுக்கு வேலை இருக்காது; கிறிஸ்துப்பாஸ் போனதிலிருந்து கூப்பிடாமலேயே வந்து குதிரைகளைப் பார்த்துக்கொண்டான். தரையைப் பார்த்தே நடப்பான். ஆள் நல்லவன். பெண் குழந்தைகளுக்கு மரக்கட்டையில் பன்றிக்குட்டி செதுக்கிக் கொடுப்பான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது, மெர்த்தினாஸ் உத்திரத்தில் மாட்டியிருந்த சேணத்தை எடுத்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துப்பாஸ் ஏணி வைத்துத்தான் எடுப்பான். இவன் ஏணி வைக்கவில்லை. நேராக நின்று கையை நீட்டியிருந்தான்.

"அடப்பாவி!" என்றாள் இல்ஷே. "நீ கூனனே இல்லியா?"

அவன் சட்டென்று மடங்கினான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிற்று.

"வீட்டுக்காரம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. பதினாலு வயசுல மளமளன்னு வளர ஆரம்பிச்சேன். என் அம்மா பயந்துபோயி கழுத்துக்கும் இடுப்புக்கும் வாரு போட்டுக் கட்டிட்டா. அப்படியே பழகிப்போச்சு. சிப்பாய்ங்க வந்து, 'கூனனை யாருக்கு வேணும்'னு எட்டி உதைச்சிட்டுப் போனாங்க. அந்த உதைக்கு என் அம்மா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனா."

"இத்தனை வருஷமாவா?"

"ஆளில்லாத காட்டுல எப்பவாவது நிமிர்ந்துக்குவேன். மாடுங்க யார்கிட்டயும் சொல்லாதுங்களே."

இல்ஷே சிரித்துவிட்டாள். கிறிஸ்துப்பாஸ் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த கையோடு, யோசிக்காமல், கேட்டும்விட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறியா, மெர்த்தினாஸ்?"

அவன் வெகுநேரம் சேணத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "கச்சேரியில கூனனுக்கு நிலம் குடுப்பாங்களா?"

"ஏர் புடிக்கக் கைதானே வேணும்? ரெண்டு மூட்டையைத் தூக்கிக் காட்டு, வாயை மூடிக்குவாங்க. நீ உறுதி சொல்லிட்டேன்னா அப்புறம் பட்டாளம் உன்னைத் தொட முடியாது. அதுவரைக்கும் குனிஞ்சே இரு."

"அப்புறமும் வெளியில குனிஞ்சேதான் இருப்பேன். எதுக்கு வம்பு? கதவைச் சாத்தின பின்னாடி மட்டும் நம்ம வீட்டுக்குள்ள நிமிர்ந்துக்கறேன். உன் வீட்டுக் கூரை உசரமா இருக்கு."

"உன் வீடு" என்று அவன் 'நீங்க'வை விட்டு இறங்கியதை அவள் கவனித்தாள். காது சூடாயிற்று. நிலத்துக்காகத்தான் கேட்டோம் என்று அதுவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழுப்பொய் என்று அப்போது தெரிந்தது.

மணப்பெண் மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். இல்ஷே வெள்ளைச் சணல் துணியில் தைத்தாள். கூன் முதுகுக்கு அளவெடுப்பது லேசான வேலையா? முன்பக்கம் குட்டையாக, பின்பக்கம் நீளமாக, முதுகில் மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும். அவனுடைய தாய் அனிகே பக்கத்தில் உட்கார்ந்து நூலைக் கோத்துக் கொடுத்தாள். பேச்சுக்குப் பேச்சு ஒரே எச்சரிக்கைதான்.

"முதுகுல இன்னும் கொஞ்சம் விடும்மா. துணி இழுத்துப் புடிச்சா சந்தேகம் வரும். மருமவளே, உறுதி சொல்ற வரைக்கும் உன் வாயில பூட்டு இருக்கணும், ஆமா!"

"எனக்குத் தெரியாதா அத்தை?"

"தெரியும். ஆனாலும் சொல்றேன். என்னால சொல்லாம இருக்க முடியல."

பனி உருகி வழியெல்லாம் சேறான ஒரு காலையில் இருவரும் கச்சேரிக்குப் போனார்கள். அதிகாரி பேலாவ் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. சவுக்கை எடுக்கும் முன் காரணம் சொல்வார். முற்றத்தில் விதைத் தானிய மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஓரமாக மலைநாட்டுக் குடும்பம் ஒன்று நின்றது. தகப்பன், தோள் அகன்ற இரண்டு மகன்கள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அவர்களுக்குக் கர்க்லினேயில் தன் வீட்டைத் தருவதாகச் சொல்லித்தான் அழைத்து வந்திருக்கிறார்கள் என்று இல்ஷேவுக்குப் பார்த்ததுமே புரிந்தது. அந்தப் பெண்ணின் கண்ணிலும் அதே பசி. அதைப் பார்க்கப் பிடிக்காமல் இல்ஷே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பேலாவ் மெர்த்தினாஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுதான் மாப்பிள்ளையா? ஏம்மா, உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

"அவர் வேலையைப் பாருங்க எஜமான்."

மெர்த்தினாஸ் குனிந்தபடியே ஒரு மூட்டையை முதுகில் ஏற்றினான், அதன்மேல் இன்னொன்று. இரண்டோடும் முற்றத்தைச் சுற்றி வந்தான். கச்சேரி ஆட்கள் கைதட்டினார்கள். பேலாவுக்கும் சிரிப்பு வந்தது.

"பலசாலிதான். கழுதைகூடச் சுமக்கும். ஆனா இந்த முதுகு எத்தனை வருஷம் தாங்கும்? இவன் செத்தா நீ மறுபடி இங்க வந்து நிப்பே. ராஜாவோட நிலத்தை நான் நொண்டி முடத்துக்கெல்லாம் குடுத்தேன்னா எனக்கு மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க." அவர் மலைநாட்டுக்காரன் பக்கம் திரும்பினார். "நீ வாய்யா இங்க."

"எஜமான், கொஞ்சம் பொறுங்க..." என்றாள் இல்ஷே.

"பொறுத்தாச்சு. விதைப்பு வந்தாச்சு. வீட்ல இருந்து உன் துணிமணியை மட்டும் எடுத்துக்க, மத்தது எதையும் தொடாதே."

அந்த மலைநாட்டுத் தகப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரடி முன்னே வந்தான். அந்த ஓரடி! சின்னவள் பாவாடையைப் பிடித்துத் தூங்குவது, டாவேயின் கொட்டகை, வாத்து, உயரமான கூரை எல்லாம் ஒன்றாக இல்ஷேவின் கண்முன் வந்து நின்றது. பூட்டுப் போட்ட வாய் திறந்துகொண்டது.

"அவர் கூனன் இல்லே எஜமான்! சத்தியமா இல்லே! முதுகுல ஒரு கோளாறும் கிடையாது, உங்களை மாதிரி நேரா நிப்பாரு! நூறு வருஷம் உழுவாரு!"

சொன்ன மறுநிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேலாவ் மெதுவாகத் திரும்பினார்.

"நிமிருடா."

மெர்த்தினாஸ் தலையை மட்டும் திருப்பி இல்ஷேவைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். சின்னப்பிள்ளை கை தவறிப் பாத்திரத்தைப் போட்டு உடைத்தால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். நிமிர்ந்துகொண்டே போனான். எலும்பு சொடக்குப் போடும் சத்தம் கேட்டது. அவள் தைத்த சட்டை முன்னால் தொப்புளுக்கு மேல் ஏறிக்கொண்டது, பின்னால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. பேலாவ் அண்ணாந்து பார்த்தார்.

"கடவுளே" என்றார், ஏதோ பரிசு கிடைத்தவர் போல. "சாராயக் கடையில சார்ஜெண்ட் இருப்பாரு. ஓடிப்போயி கூட்டிட்டு வா. அளவுகோலோட வரச்சொல்லு."

அப்போதுதான் இல்ஷேவுக்கு எல்லாம் உறைத்தது. குடியானவனைப் பட்டாளம் தொடாது, உண்மை. ஆனால் மெர்த்தினாஸ் இன்னும் குடியானவன் ஆகவில்லையே! நிலத்தை உழ யாராக இருந்தாலும் போதும். ராஜா மனம் குளிர இப்படி ஓர் உருப்படியை அனுப்ப ஒரு கச்சேரிக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வாய்க்கும்! இது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். வரி, நிலம், விதைப்பு என்றே பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு, ராஜாவுக்கு வரியைவிடப் பிரியமான ஒன்று உண்டு என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"குனி!" என்று கத்தினாள் அவள். "குனியேன்யா! எஜமான், நான் பொய் சொன்னேன், அவர் கூனன்தான், குனிஞ்சு காட்டுய்யா!"

"இனிமே எப்படிக் குனியறது இல்ஷே?" என்றான் மெர்த்தினாஸ், மெல்ல. "பாத்துட்டாங்களே."

வாசல் திறந்துதான் கிடந்தது. அவன் ஓடியிருக்கலாம். ஓடினால் அனிகேவைப் பிடித்துக் கட்டுவார்கள். அது அவனுக்கும் தெரியும், பேலாவுக்கும் தெரியும். அதனால் கதவைச் சாத்தக்கூட அவர் சொல்லவில்லை.

"எஜமான்," என்றான் மெர்த்தினாஸ். "நான் ராஜாவுக்குப் போறேன், சண்டை போடாம போறேன். நிலத்தை இவளுக்கே விட்டுருங்க."

பேலாவ் யோசித்தார். அவர் நல்ல மனிதர் என்று சொன்னேனே. "சரி. அவளே இருக்கட்டும். ஏர் புடிக்கக் கச்சேரியில இருந்து ஒரு ஆளை அனுப்பறேன்." மலைநாட்டுக்காரனைப் பார்த்து, "உனக்கு வேற இடம் பாக்கலாம்" என்றார். அந்த மனுஷன் மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றான்.

சார்ஜெண்ட் வந்தார். சுவரில் சாய்த்து நிறுத்தி அளந்தார்கள். அளவுகோலின் மேல் கோட்டையும் தாண்டிவிட்டான். போகும்போது மெர்த்தினாஸ் பின்னால் தொங்கிய சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டான். இல்ஷேவால் அவன் கையைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

வீடு அவளுக்கே இருந்தது. குதிரை, எருது, கலப்பை எல்லாம் இருந்தன. குழந்தைகள் அவரவர் இடத்தில் தூங்கின. கச்சேரி அனுப்பிய ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே உழுதான். கிணற்றடியில் அவள் போனால் பேச்சு நிற்கும். ஒருத்தி மட்டும் வாய் கூசாமல் கேட்டாள்: "ஆளைக் குடுத்து நிலத்தை வாங்கினியாமே, நல்ல வெலைதானா?" இல்ஷே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதையேதான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள், விழித்திருந்த நேரமெல்லாம்.

அனிகே அவள் வாசலுக்கு வந்தது பயிர் முளைத்த பிறகுதான். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் இல்ஷே. அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். நிலைப்படியிலேயே மண்டியிட்டாள்.

"அடிங்க அத்தை. என் வாய்தான், என் பாழாப்போன வாய்தான்..."

அனிகே அவளை எழுப்பவும் இல்லை, அடிக்கவும் இல்லை. உள்ளே பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்றாள். "எங்க குடிசையில நிமிர்ந்தா கூரை இடிக்கும். வெளியில நான் நிமிர விட்டதில்ல. அவனுக்கு மீசை முளைச்சதுக்கப்புறம் நான் அவனை நேரா பாத்ததே கிடையாது. நீ பாத்தே. அன்னிக்கு நிமிர்ந்து நின்னப்போ எவ்வளவு உசரம் இருந்தான்?"

இல்ஷே எழுந்தாள். கதவு நிலையோரம் போய்க் கையை உயர்த்தினாள். எட்டவில்லை. பால் கறக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, குதிகாலைத் தூக்கி, சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

அனிகே அண்ணாந்து அந்தக் கையையே பார்த்தாள்.

"அம்மாடி," என்றாள். "என் புள்ளையா? அவ்வளவா?"

"அவ்வளவு அத்தை."

முக்காலி ஆடியது. இல்ஷே இறங்கப் பார்த்தாள்.

"எடுக்காதே" என்றாள் அனிகே. "கையை எடுக்காதேம்மா. கொஞ்ச நேரம் அப்படியே இரு, பாத்துக்கறேன்."