ஜோடி எண் 318

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு வாக்கியம். காஞ்சிபுரத்தில் பழைய லாரிச் சாமான் விற்கும் கடையில் காதில் விழுந்தது: “பல்லு சரியாத்தான் இருக்குது, நம்பரு வேற.” சொன்னவர் கடைக்காரர். கேட்டவர் சாக்குப்பையைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. காசிநாதன் என்று நான்தான் வைத்தேன். வயது அறுபத்து மூன்று என்பதும் என் கணக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கோபுரத்தின் நிழல் பட்டறைமேல் சாய்ந்திருந்த ஒரு மாலையில், காசிநாதன் தன்—’

நிறுத்திவிட்டேன். பட்டறையில் கிடக்கிறவனுக்கு நிழல் என்றால் தகரத்தின் நிழல்தான். மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டில் பிறந்த எனக்கே அது மறந்துபோனால் எப்படி?

2

மறுபடி. ஓரிக்கையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்று, பின்னச்சு கழற்றப்பட்டு, கட்டைகள்மேல் நிற்கிறது. காசிநாதன் இரண்டு வருடமாகத் தனியாளாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். (‘உயிர்’ வேண்டாம். சாமான் தேடிப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.)

ஒரு சாமான் கைக்கு வந்தால் மண்ணெண்ணெயில் கழுவுவார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, வார்ப்பிலேயே புடைத்திருக்கும் எண்ணை விரலால் தடவிப் படிப்பார். எண் அழிந்திருந்தால் நூலைச் சுற்றி அளந்து, தன் வண்டியில் இருந்த பழைய சாமானோடு ஒத்துப் பார்ப்பார். இப்படியே பிரேக் டிரம், வாட்டர் பம்ப், கதவுக் கைப்பிடி வரை சேர்ந்துவிட்டன. சேராதது ஒன்றுதான்.

பின்னச்சுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. பெரியது கிரவுன், முப்பத்தேழு பல். சின்னது பினியன், ஆறு பல். ஆலையிலேயே இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பழக்கி, இரண்டின்மேலும் ஒரே எண்ணைக் கீறி அனுப்புவார்கள்.* பல் எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டும் போதாது. வேறு ஜோடியின் பினியனைப் போட்டாலும் வண்டி ஓடும். உறுமிக்கொண்டே ஓடி, ஒருநாள் பல்லை உதிர்த்துவிடும்.

காசிநாதனிடம் இருப்பது கிரவுன் மட்டும். எண் 318.

* பல் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிச் சுற்றுவார்கள். ஆஞ்சநேயருக்குப் பூசுகிற அதே செந்தூரம். இந்தக் குறிப்பு கதைக்குத் தேவையில்லை. காசிநாதனுக்குப் பிடித்த வேலை அது என்பதால் விட்டுவைத்தேன்.

3

318 பினியன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாகறலில், மணிவண்ணன் வீட்டில்.

இருவரும் அந்த லாரிக்குக் கூட்டாளிகளாக இருந்தவர்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், நெல் லோடோடு போகையில் பின்னச்சு உடைந்தது. உறுமும்போதே நிறுத்தாமல் ஓட்டியது யார் என்பதில் சண்டை. இவர் அவரைச் சொன்னார், அவர் இவரைச் சொன்னார். பேச்சு முற்றிப் பிரிந்துவிட்டார்கள். லாரி காசிநாதனுக்கு, கருவிகளும் டயர்களும் மணிவண்ணனுக்கு. உடைந்ததற்குப் பதிலாக வாங்கிய புது கிரவுன்-பினியன் செட் மட்டும் மிச்சம்.

“லாரி என்கிட்ட இருக்குது. செட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

“பாதி என்னுது.”

“பாதிய வச்சிக்கினு இன்னாடா பண்ணுவ? ஊறுகா போடுவியா?”

“உன் பாதிய வச்சிக்கினு நீ இன்னா பண்ணுவியோ, அதான்.”

பெட்டியைப் பிரித்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பாதி செட் குப்பைக்குச் சமம் என்று மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்த இரண்டு பேர். இன்னொரு செட் அப்போது கடையிலேயே கிடைத்தது. வாங்கினால் தோற்றதாகிவிடும் என்று காசிநாதன் வாங்கவில்லை. அடுத்தவர் லாரிகளை ஓட்டிப் பிழைத்தார்.

4

இங்கே எனக்குக் காசிநாதன்மேல் ஒரு சந்தேகம்.

இப்போதும் வேறு முழு ஜோடி கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைத்தது. போன மாதம் சாமான் கடை சீனிவாசன் சேலத்திலிருந்து ஒன்றை வரவழைத்தார். பழசுதான், ஆனால் இரண்டிலும் ஒரே எண். காசிநாதன் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பல்லு உரிஞ்சிருக்குதுப்பா.”

“எங்க உரிஞ்சிருக்குது? காட்டு.”

“எனக்குத் தெரியுது.”

“யோவ் காசி, ஒண்ணு கண்ணாடிய மாத்து. இல்ல, நேரா மாகறல் பஸ்ஸ புடி. என் உசுர வாங்காத.”

பல் உரியவில்லை. நானே எழுதிய பல், எனக்குத் தெரியாதா? நல்ல ஜோடியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். வாங்கியிருந்தால் லாரி ஓடியிருக்கும். மணிவண்ணன் வீட்டுப் படியேற அப்புறம் ஒரு காரணமும் இருந்திருக்காது.

மனைவி போய் நான்கு வருடம். மகன் திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமை போன், “சாப்ட்டியாப்பா”, அவ்வளவுதான். வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது “பதினேழு குடு” என்று கையை நீட்டிவிடுகிறார். கை சிறிது நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு தானே ஊர்ந்து வெளியே வந்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, மறுபடி போய்ப் படுக்கிறார்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மணிவண்ணன் பினியனுக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். கிழித்துவிட்டேன். இந்த மாதிரி ஆட்கள் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பிரிந்த அந்த வாரமே மணிவண்ணன் பினியனைக் காயலான் கடையில் போட்டுவிட்டார். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மணிவண்ணன் செத்துப்போய்— கதை எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆளைக் கொன்றுவிட்டால் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

கடைசியில் காசிநாதனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கிரவுனைக் கையோடு கொண்டுபோவதா என்று யோசித்து, கொட்டகையிலேயே வைத்துவிட்டார். மாகறலில் இறங்கி, மூன்று பேரிடம் வழி கேட்டு, ஒரு பச்சைக் கதவைத் தட்டினார். மணிவண்ணனின் மனைவி வடிவாம்பாள் திறந்தார். அடையாளம் தெரியவில்லையா, தெரியாத மாதிரி நிற்கிறாரா? அதை நான் முடிவு செய்யவில்லை. உள்ளே யாரோ இருமுகிறார்கள்.

“யாருங்க? இன்னா வேணும்?”

‘பினியன்’ என்று சொல்லலாம். பொய்யில்லை. இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை என்பார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். ‘மணி இருக்கானா’ என்றும் கேட்கலாம். அதற்கு மேல் என்ன பேசுவது என்று காசிநாதனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி நீங்கள்தான் அவருக்காகப் பேச வேண்டும். வடிவாம்பாள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அடுப்பில் உலை கொதிக்கிறது. ரொம்ப நேரம் நிற்க மாட்டார்.