வதந்தி என்றொரு பிரிவு

எழில்மொழியும் அவள் அண்ணன் அறிவும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கண்டெய்னர் யார்டு. அவளுக்கு மாடியில் ஏ.சி. அறை, கம்ப்யூட்டர்களையும் இன்டர்நெட்டையும் கவனிக்கும் வேலை. அவனுக்குக் கீழே வெயிலில், வந்து இறங்கும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கும் வேலை. காலையில் வியாசர்பாடியிலிருந்து அவன் பைக்கில்தான் இருவரும் கிளம்புவார்கள்.

2007 ஆடி மாதம், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டி ஒன்று ரிவர்ஸில் வந்து அறிவின் மேல் ஏறியது. ரிவர்ஸில் அலற வேண்டிய ஹாரன் அந்த வண்டியில் பல வாரங்களாக ஊமையாகிக் கிடந்தது. டிரைவர்கள் நிர்வாக மேலாளர் லோகநாதனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்கள். வண்டியை நிறுத்தினால் வேலை கெடும் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அறிவு செத்த மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு அவர் சொன்னது இதுதான்: பையன் குடித்திருந்தான்.

அப்பாவைக் குடி தின்றதைப் பார்த்து வளர்ந்தவன் அறிவு. கல்யாண வீட்டில் நண்பர்கள் நீட்டும் கிளாஸை வாங்காமல் கேலிக்கு ஆளானவன். பிரேதப் பரிசோதனையிலும் குடித்த அடையாளம் எதுவும் இல்லை என்றே வந்தது. ஆனால் அதற்குள் பேச்சு யார்டு முழுக்கப் பரவிவிட்டது.

எழில் வேலையை விடவில்லை. அம்மா கெங்கம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"தெனம் அந்தாளு மூஞ்சில போயி எப்டிம்மே முழிக்கிற?"

"முழிச்சுகினே கீறேம்மா. மறந்துறக் கூடாதுல்ல."

உண்மையில் அவளுக்கு மறதியைப் பற்றிய பயமே இல்லை. லோகநாதன் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் பற்கள் தாமாகக் கடித்துக்கொள்ளும். அவர் சிரித்தால், அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று யோசிப்பாள்.

யார்டில் அறிவோடு வேலை பார்த்த பீம்ராவ், நண்பனுக்காக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினான். அறிவின் படம், ஹாரன் கதை, பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருந்தன. மாடியில் ஒவ்வொரு மேசையாக அந்தப் பக்கம் திறக்கப்பட்டது. படித்தவர்கள் எழிலைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

லோகநாதன் அவளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கத்தைத் தடுக்கணும் எழில்."

அலுவலகத்தில் வேண்டாத பக்கங்களைத் தடுக்க இணையத்துக்கு ஒரு வடிகட்டி உண்டு. சினிமா, ஷேர் மார்க்கெட், வரன் தேடுவது என்று அதில் பிரிவுகள் இருந்தன. எந்தப் பிரிவைத் திறந்து வைப்பது, எதை மூடுவது என்பதை எழில்தான் அமைப்பாள்.

"அது எந்தப் பிரிவுலயும் வராது சார். புதுசா ஒண்ணு உண்டாக்கணும்."

"உண்டாக்கு. உங்க வீட்டு விஷயம். வேற ஆளை விட்டுப் பண்றதைவிட நீயே பண்ணா நாகரிகமா இருக்கும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அவள் கேட்டாள்: "பிரிவுக்கு இன்னா பேரு வைக்கட்டும்?"

"வதந்தின்னு வை. நம்ம யார்டைப் பத்திப் பொய் சொல்ற பக்கம் எதுவா இருந்தாலும் அதுல போட்டுடு. என்னை வந்து கேட்டுட்டு இருக்காத."

"எதுவா இருந்தாலுமா சார்?"

"எதுவா இருந்தாலும்."

அவள் தன் அறைக்கு வந்து பிரிவை உண்டாக்கினாள். அண்ணனின் பக்கத்தைத் தன் கையாலேயே அதில் சேர்த்தாள். ஒவ்வொரு பிரிவுக்கும், தடுக்கும்போது திரையில் என்ன வரவேண்டும் என்பதை நாமே எழுதிக்கொள்ளலாம். திரையிலிருந்த அந்தக் காலிக் கட்டத்தில் அவள் அப்போது ஒன்றும் எழுதவில்லை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோகநாதனை அசிங்கப்படுத்த வேறு வழிகளும் இருந்தன. அலுவலக நேரத்தில் அவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதை வெளியில் விட்டால் நாலு நாள் சிரிப்பார்கள், அதோடு போய்விடும். அவளுக்கு அது போதாது. அவர் சொன்னதை வைத்தே அவர் வாயை அடைக்க வேண்டும்.

கார்த்திகையில் வாய்ப்பு வந்தது. யார்டின் பெரிய வாடிக்கையாளரான கப்பல் கம்பெனியிலிருந்து பாதுகாப்பைச் சோதிக்க சாபிரா என்ற அதிகாரி வந்தார். மீட்டிங் அறையில் புரொஜெக்டர் ஓடியது. தலைமை அலுவலகத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். லோகநாதன் எப்போதும் செய்வதுபோல, கம்பெனி இணையதளத்தில் 'பாதுகாப்பு' என்ற பக்கத்தைச் சொடுக்கினார். 'நிர்வாகத் தவறால் இங்கே ஒரு விபத்தும் நடந்ததில்லை' என்று பெருமை பேசும் பக்கம் அது.

சுவர் முழுக்க வேறொன்று வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும்.

'இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது. பிரிவு: வதந்தி. காரணம்: இந்த யார்டில் ஹாரன் கெட்ட வண்டி ஏறி அறிவு என்பவர் இறந்தார். ஹாரன் கெட்டது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும். அவர் குடித்திருக்கவில்லை.'

லோகநாதன் மறுபடி சொடுக்கினார். மறுபடி அதுவே வந்தது. எழிலைக் கூப்பிட்டார். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன வைரஸ் இது? எடு."

"வைரஸ் இல்ல சார். நீங்க வைக்கச் சொன்ன பிரிவு. யார்டைப் பத்திப் பொய் சொல்ற பக்கம் எதுவா இருந்தாலும் போடச் சொன்னீங்க. நம்ம பாதுகாப்புப் பக்கத்துலதான் பெரிய பொய் இருந்துச்சு. போட்டுட்டேன்."

அவர் முகம் வெளிறுவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். சாபிரா திரையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுந்தார்.

"அந்த வண்டியைப் பார்க்கணும்" என்றார்.

கீழே போனார்கள். வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார் சாபிரா. அது ஹாரன் சத்தமே இல்லாமல் பின்னால் வந்தது.

அன்று மாலையே எழிலை வேலையிலிருந்து நீக்கினார்கள். கப்பல் கம்பெனி தன் பெட்டிகளை அனுப்புவதை நிறுத்தியது. விசாரணை நடந்தது. லோகநாதனிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அறிவு குடித்திருந்தான் என்று சொன்னது தவறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பெட்டிகள் வராததால் யார்டில் பலருக்கும் வேலை போனது. பீம்ராவும் அதில் ஒருவன்.

"பசங்க உன்னியத் திட்டிகினு கீறானுங்க எழிலு" என்றான் அவன்.

"திட்டட்டும். நீ?"

"எனக்கும் பேஜாராதான் கீது. ஆனா அந்தாளு மூஞ்சிய நானும் பாத்துருக்கணும்."

பொங்கல் கழிந்து ஒருநாள் லோகநாதனிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. எங்கே வேலை கேட்டாலும் இந்தக் கதை முன்னாலேயே போய் நிற்கிறதாம். அவர்மேல் குடும்பத்துக்கு மனக்குறை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"எனக்கும் பொண்ணு இருக்கா எழில்."

எழில் போனை அம்மாவிடம் கொடுத்து, யார் என்று சொன்னாள்.

கெங்கம்மா அதைக் காதில் வைத்தாள். "என் புள்ள குடிச்சுட்டு செத்தான்னு ஊரெல்லாம் சொன்னியே. அத்த எங்கிட்ட ஒரு தபா சொல்லு. நான் கேக்கணும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லு நைனா. இருக்கேன்."

லைன் துண்டிக்கப்பட்டது. கெங்கம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எழிலும் வாங்கவில்லை.